ஈயக்குண்டு தைத்த திரை

புது வீட்டுக்கு ஏழு நிலைப்படி, பதினோரு ஜன்னல். மெஹராஜ் பேகம் அத்தனை அளவையும் ஒரே தென்னங்கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். பெரிய முடிச்சு உயரத்துக்கு, சின்ன முடிச்சு அகலத்துக்கு. சமையற்கட்டு ஜன்னலுக்கு மட்டும் கயிற்றில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தாள். கொத்தனார் அந்த ஜன்னலைக் கோணலாக வைத்துவிட்டார். இடது பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கும். திரையையும் அதே கோணலில் வெட்டித் தைத்தால்தான் பார்க்க நேராக இருக்கும் என்று அவளாகவே யோசித்துக் கண்டுபிடித்திருந்தாள்.

அதிராம்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணைப் பெற்றவர்கள் தொட்டில் கட்டும்போதே மனைக்கு அலைய ஆரம்பித்துவிடுவார்கள். மெஹராஜின் வாப்பாவும் அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போதே கடற்கரைக்குப் போகிற தெருவில் இந்த மனையை அவள் பேரிலேயே வாங்கிப் போட்டார். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியபோது மௌத்தாகிப் போனார். உம்மா அதற்கும் முந்தியே போயாயிற்று. மீதியைக் கட்டி முடித்தது அவளுடைய அண்ணன் ஜெக்கரியா காக்கா. அவருக்குப் பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி. மனைவி ஷம்சாத் மாயவரத்துக்காரி. அங்கே பெண்தான் புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும்.

மூன்று பேரும் புது வீட்டுக்கே குடிவந்துவிட்டார்கள், ஆனால் கூடத்துக்கு நிலை மட்டும் நின்றது, கதவு இன்னும் வரவில்லை. ஜன்னல்கள் எல்லாம் வெறும் கம்பியோடு நின்றன. தெருவில் போகிறவன் திரும்பினால் சமையற்கட்டுப் பானை வரைக்கும் தெரியும். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை பினாங்கில் இருந்தார். படத்தில் கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்ட சட்டையோடு, யாரோ திட்டியதுபோல நின்றார். மெஹராஜுக்கு அந்த முகம் பிடித்திருந்தது.

ஆடிக் காற்று ஓய்ந்த ஒரு முற்பகலில் அப்துல் அஜீஸ் துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். நாற்பது வருஷமாக வீடு வீடாகத் துணி விற்கிற கிழவர், அவரிடம் குமரிகளும் திரைக்குள்ளிருந்து பேசலாம். ஒரு வீட்டுப் பெண்ணையும் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் ஒவ்வொருத்திக்கும் எந்த நிறம் பிடிக்கும் என்று சொல்லிவிடுவார். கூடத்தில் அவர் உட்கார்ந்தார். நிலைப்படியில் கட்டிய பழைய சேலைக்கு இந்தப் பக்கம் மெஹராஜும் ஷம்சாத்தும் உட்கார்ந்தார்கள். துணி கீழ்வழியாக உள்ளே வந்து, வேண்டாததெல்லாம் அதே வழியாக வெளியே போயிற்று.

"மொதல்ல வீட்டைச் சொல்லு புள்ள. அப்புறம் துணியைச் சொல்லுறேன்" என்றார்.

"சமையற்கட்டு ரெண்டு ஜன்னல் மாமா. புகை படியும்."

"கைலித் துணி போடு. கட்டம் போட்டது. அழுக்கு தெரியாது, வாரம் ஒரு தடவை அடிச்சுத் துவைச்சாலும் தாங்கும். பட்டு மாதிரி பளபளன்னு போட்டுட்டு அப்புறம் அஜீஸைத் திட்டாதே."

"கெழக்க படுக்கிற ரூம். காலையில வெயில் நேரா மூஞ்சியில அடிக்குது."

"அங்க கெட்டித் துணி. காக்கி இருக்கு, நீலம் இருக்கு. நீலம் எடு. காக்கி போட்டா போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கும்."

மெஹராஜ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்புச் சத்தம் வெளியே போகக் கூடாது. அவளுடைய வளையல் சிரித்தது.

"கடல் பக்கத்து ஜன்னலுக்கு?"

"அதுதான் பெரிய கேள்வி. எதைப் போட்டாலும் காத்து தூக்கிடும். கம்பி வளையம் போட்டியானா ஆறே மாசத்துல உப்புக்காத்து அரிச்சுத் துணியெல்லாம் துருக்கறை. பித்தளை வளையம் வாங்கு. கீழ் மடிப்புல வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு வச்சுத் தைச்சிடு. பொயல் அடிச்சாலும் அசையாது."

"கூடத்துக்கு?" கேட்கும்போதே மெஹராஜ் வெள்ளை மல் துணி ஒன்றை மடியில் எடுத்து வைத்திருந்தாள். விரலைப் பின்னால் வைத்தால் நகம் தெரிகிற துணி.

"அந்த மல்லையா பார்க்குறே? கையில எடுத்ததும் சரசரன்னுது, கேட்டுச்சு." அஜீஸ் குரலைத் தணித்துக்கொண்டார். "மல் துணி நல்ல துணி புள்ள. ஆனா வெளிச்சம் எந்தப் பக்கம்னு பார்த்துப் போடணும். வெளிச்சத்துல இருக்கிறவன் கண்ணுக்கு அது சுவரு. இருட்டுல இருக்கிறவங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. உள்ள வெளக்கு ஏத்தாம இருந்தா, கூடத்துல யாரு பல்லு குத்துறாங்கங்கிறது வரைக்கும் பார்க்கலாம்."

"இதுவே இருக்கட்டும் மாமா."

"வேணாம்" என்றாள் ஷம்சாத். அதுவரை சும்மா இருந்தவள், பச்சை நிறத்தில் கனமான ஒரு துணியை இழுத்து மெஹராஜின் மடியில் போட்டாள். மெத்தை தைக்கிற துணி. "கூடத்துக்கு இதுதான். தரை வரைக்கும் தொங்கணும். நாளைக்குச் சம்பந்தி வீட்டு ஆம்பளைங்க வந்து உக்காருவாங்க. மானம் மரியாதையா இருக்க வேணாமா?"

"மச்சி, இது காத்தே விடாதே."

"காத்து வேணும்னா கொல்லைக்குப் போ. வியாழக்கிழமைக்குள்ள இதை மட்டும் தைச்சிடு."

மெஹராஜ் பச்சைத் துணியை மடித்து வைத்தாள். தன் வீட்டுக்குத்தானே என்று நினைத்துக்கொண்டாள். வீட்டில் ஏழு நிலைப்படி இருக்கிறது, ஒன்று மச்சி இஷ்டப்படி இருந்துவிட்டுப் போகட்டும். மல் துணியையும் சேர்த்தே எடுத்து வைத்துக்கொண்டாள், எதற்காவது ஆகும் என்று.

---

அந்த வியாழக்கிழமை எதற்கு என்பது புதன்கிழமை தெரிந்தது. காக்கா மண்டியிலிருந்து வந்து கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். கொடுவா மீன் ஆணம், சோறு, கத்தரிக்காய்ப் பொரியல். நடுத்துண்டை அவர் தட்டில் வைத்தாள் மெஹராஜ். அவர் அதைப் பாதியாக்கி அவள் தட்டில் திருப்பி வைத்தார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"கவர்மெண்டு புதுசா சட்டம் கொண்டாந்துருக்கு, தெரியும்ல" என்றார். "ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் நெலம்னு. மிச்சத்தை எடுத்துக்குவாங்களாம். மதுக்கூர்ல வாப்பா விட்டுட்டுப்போன நஞ்சை இருக்கே, அதுல நாலு ஏக்கரை ஒம் பேருக்கு மாத்திடலாம்னு பார்க்குறேன். தங்கச்சி பேர்ல இருந்தா தனிக் கணக்கு. கை வைக்க மாட்டாங்க."

"எனக்கு எதுக்குக் காக்கா நெலம்?"

"இருக்கட்டும். பினாங்குக்காரன் வந்து எங்க வீட்டுப் புள்ள வெறுங்கையா நிக்குதுன்னு சொல்லக் கூடாதுல்ல. நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீசரு வீட்டுக்கே வராரு. கோஷாப் பொம்பளைங்கன்னா வீட்டுக்கு வந்து எழுதுவாங்க. நீ திரைக்குள்ள இருந்தே கையெழுத்துப் போட்டாப் போதும்."

மெஹராஜ் ஆறாம் வகுப்போடு நின்றவள். வயதுக்கு வந்த மறுநாள் புத்தகப் பையை உம்மா பரணில் போட்டுவிட்டார்கள். அதற்கு முன்பு ஆறு வருஷமும் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது காக்காதான். கடைத்தெருவில் மாட்டுவண்டி வந்தால் அவளுடைய கட்டைவிரலை மட்டும் இறுக்கிப் பிடிப்பார். அது ஓரமாக வா என்று அர்த்தம்.

மறுநாள் பத்து மணிக்குக் கூடத்தில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. பச்சைத் துணி தரை வரைக்கும் இறங்கி, பாய் ஓரத்தில் மடிந்து கிடந்தது. யாரோ கடகடவென்று வாசித்தார்கள். "சர்வ சுதந்திர பாத்தியமாய்" என்று ஒரு இடம், "நாளது தேதி முதல்" என்று ஒரு இடம், அவ்வளவுதான் துணியைத் தாண்டி வந்தது. ஷம்சாத் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். விசிறி மட்டைச் சத்தம் வேறு.

பிறகு திரையின் அடியில் ஒரு தாள் உள்ளே வந்தது. முழுத்தாளும் இல்லை. கீழ் ஓரம் நான்கு விரற்கடை மட்டும்.

"அப்படியே போடு மெஹராஜ்" என்றது காக்காவின் குரல். "இழுக்காதே. மேல மை காயலை. கலைஞ்சிடும்."

அவள் இழுக்கவில்லை. தன் பெயரை எழுதினாள். பள்ளிக்கூடத்தில் எழுதியதுபோல ஒவ்வொரு எழுத்தாக. அப்புறம் இடது கையை வெளியே நீட்டச் சொன்னார்கள். நீட்டினாள். வெளியே ஒரு கை அவளுடைய கட்டைவிரலைப் பிடித்தது. பிடித்த பிடியிலேயே காக்கா என்று தெரிந்தது. மையில் அழுத்தி, தாளில் உருட்டி எடுத்தார்.

"எழுதினது சம்மதந்தானாம்மா?" என்று ஒரு புதுக் குரல் கேட்டது. ஆபீசராக இருக்கும்.

அந்நிய ஆண் காதில் குமரிப் பெண் குரல் விழக் கூடாது. நிக்காஹுக்குச் சம்மதம் கேட்டால்கூட வளையலைக் குலுக்குவதுதான் அந்தத் தெருவில் வழக்கம். மெஹராஜ் கையை உயர்த்தி நன்றாகவே குலுக்கினாள். நாலு ஏக்கர் நஞ்சை அல்லவா.

"சந்தோஷமா சொல்லுது புள்ள" என்று யாரோ சொல்ல, கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

---

ஐப்பசி வரைக்கும் தையல்தான். காலையில் மெஷினில் உட்கார்ந்தால் மதியம் லுஹர் பாங்கு கேட்டுத்தான் எழுந்தாள். கைலித் துணி சமையற்கட்டில் ஏறியது, கோணல் ஜன்னல் நேராயிற்று. நீலத் துணி கிழக்கே ஏறியது. துவைக்கப் போகும்போது மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொரு திரையின் கீழ்மூலையிலும் சிவப்பு நூலில் 'மெ' என்று தைத்தாள். வலை பின்னுகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டு ஈயக்குண்டு வாங்கி, மடிப்புக்குள் ஒவ்வொன்றாக வைத்து மூடினாள். கடல் பக்கம் போட்ட திரை அப்புறம் அசையவே இல்லை.

சம்பந்தி வீட்டார் வீடு பார்க்க வருவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்திருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால், தூறலில் நனைந்துகொண்டு கோவிந்தராசு கொல்லைப்பக்கம் வந்தான். மதுக்கூர் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடுகிறவன். இலைக்கட்டும் மொந்தன் தாரும் தலையில் இருந்தன. இறக்கி வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்ற நிழலைப் பார்த்துக் கும்பிட்டான்.

"நடவு முடிஞ்சுதா கோவிந்தராசண்ணே?" சின்னப் பிள்ளையில் அவன் தோளில் ஏறி வரப்பில் போனவள், அவனிடமும் பேசலாம்.

"முடிஞ்சுதும்மா. தண்ணி லேட்டு. நாத்து முத்திப் போச்சு, இருந்தாலும் பச்சை கட்டிடுச்சு." முகத்து ஈரத்தை வழித்தான். "சின்னம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"குத்தகைக்காரன் பேரையெல்லாம் தாலுக்கா ஆபீசுல பதியுறாங்க. பதிஞ்சுட்டா சும்மா வெரட்ட முடியாது. எங்க தெருவுல எல்லாரும் எழுதிக் குடுத்துட்டாங்க. நான் ஐயாவைக் கேட்டேன். நெலம் இப்ப எம் பேர்ல இல்லடா, தங்கச்சி பேருக்கு மாத்தியாச்சு, கோஷாப் பொம்பளையை ஆபீசுக்கு இழுக்காதேங்குறாரு."

"ஆமாண்ணே. நாலு ஏக்கர் மாத்தினாங்க. நான் வேணா ஒரு கடுதாசி எழுதித் தரவா?"

கோவிந்தராசு மொந்தன் தாரின் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தான். பிசின் விரலில் ஒட்டியது.

"ஆபீசுல போய்ப் பார்த்தேன் சின்னம்மா. உங்க பேர்ல ஒரு குழி நெலங்கூட இல்லங்குறான் அந்த ஆளு. எல்லாம் ஐயா பேர்லயேதான் கெடக்குதாம்."

"அது எப்படி? ஆபீசர் வீட்டுக்கே வந்தாரு. நான் கையெழுத்துப் போட்டேன். கைநாட்டும் வச்சேன்."

"நீங்களா?"

"நான்தான்."

கோவிந்தராசு தலையை நிமிர்த்தி, அவள் நின்ற கதவை முதல்முறையாக நேரே பார்த்தான்.

"எழுதி வாங்குறவங்க எதுக்கும்மா கைநாட்டு வைக்கணும்? எழுதிக் குடுக்கிறவங்கதானே வைப்பாங்க. எங்கப்பன் ரெண்டு மா கொல்லையை எழுதிக் குடுத்தப்ப நான் கூட இருந்தேன். விரல்ல மை எங்கப்பனுக்குத்தான். வாங்குனவரு வெத்தலையை மென்னுக்கிட்டுச் சும்மாதான் ஒக்காந்திருந்தாரு."

மழை வலுத்தது. அவன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மெஹராஜ் தன் இடது கட்டைவிரலைப் பார்த்தாள். மை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. தாளின் கீழ் ஓரம் நான்கு விரற்கடை மட்டும் உள்ளே வந்ததை நினைத்தாள். அவளுக்கென்று இந்த உலகத்தில் எழுதிக் கொடுக்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில்தான் அப்போது நின்றுகொண்டிருந்தாள்.

---

ஷம்சாத் அம்மி முன்னால் உட்கார்ந்து தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"மச்சி, இந்த வீடு யார் பேர்ல இருக்கு?"

குழவி ஒரு தரம் நின்று மறுபடி ஓடியது. "கோவிந்தராசு எதையாச்சும் உளறினானா?"

"யார் பேர்ல மச்சி?"

"எம் பேர்ல." ஷம்சாத் கையை வழித்து அம்மியிலேயே துடைத்தாள். "இப்ப என்னங்குறே? வாப்பா வாங்குனது வெறும் மணலு. ஒன் காக்கா மண்டியில வேர்வை சிந்திக் கட்டுனது இதெல்லாம். நாளைக்கு ஒன் மாப்பிள்ளை வந்து கட்டில்ல சாய்ஞ்சுக்குவாரு. நானும் எம் புருஷனும் சட்டிபானையைத் தூக்கிட்டு எந்தத் தெருவுக்குப் போறது? எங்க ஊர்ல நான் கல்யாணமாகிப் போனவ, அங்க எனக்கு வீடில்ல. இங்க நான் வெளியூர்க்காரி, இங்கயும் இல்லைங்குறீங்க."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா குடுத்திருப்பியா?"

மெஹராஜ் யோசித்துப் பார்த்தாள். "பாதி குடுத்திருப்பேன்" என்றாள். பொய் சொல்லவில்லை.

ஷம்சாத் அரைத்த தேங்காயை வழித்துச் சட்டியில் போட்டாள். "ஒன்னை யாரும் வெரட்டப் போறதில்ல. கெழக்கு ரூம்ல இருந்துக்க. நீலத் திரைகூட நீ தைச்சதுதானே" என்றாள்.

"சம்பந்தி வீட்டுல கேப்பாங்களே."

"அதை ஒன் காக்கா பார்த்துக்குவாரு. நிக்காஹ் முடிஞ்சிட்டா யாரு பத்திரத்தைப் புரட்டிப் பார்க்கப் போறா? நீ வாயை மூடிக்கிட்டு இரு, அது போதும்."

அன்று மாலை காக்கா வந்தார். மீனின் நடுத்துண்டைப் பாதியாக்கி அவள் தட்டில் வைத்தார். அவள் அதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். அவர் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. மச்சி சொல்லி அவர் செய்யவில்லை. தெரிந்துதான் கட்டைவிரலைப் பிடித்திருக்கிறார்.

---

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். ஷம்சாத் விடிந்ததிலிருந்து இறால் வைத்த வாடா சுட்டுக்கொண்டிருந்தாள், வட்டிலப்பம் இறக்கி வைத்திருந்தாள். மெஹராஜ் கூடத்து நிலையில் ஏறிப் பச்சைத் திரையைக் கழற்றினாள். அந்த இடத்தில் வெள்ளை மல் துணியைப் பித்தளை வளையத்தில் கோத்து மாட்டினாள். முந்தின நாள்தான் தைத்து முடித்திருந்தாள். கீழ் மடிப்பில், மற்ற திரைகளுக்கு வைத்ததைப் போல இரண்டு பங்கு ஈயக்குண்டு.

"ஏன் மாத்தினே?" என்று ஷம்சாத் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"அதுல எண்ணெய்க் கறை பட்டுடுச்சு மச்சி."

"இது வெளியே தெரியாதா?"

"உள்ள இருட்டா இருந்தாத் தெரியாது." உள்அறை ஜன்னல் திரைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினாள். பிறகு கையிலிருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்றித் தையல் மெஷின் மேல் வைத்தாள். அதைச் சமையற்கட்டில் இருந்தவள் கவனிக்கவில்லை.

மாப்பிள்ளையின் வாப்பா மீரா உசேன் இன்னும் இரண்டு பேரோடு வந்து உட்கார்ந்தார். மெஹராஜ் திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பார்த்தாள். அஜீஸ் மாமா சொன்னது சரிதான். திரை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. மீரா உசேன் வெள்ளைத் தாடிக்காரர், மகனைப் போலவே திட்டு வாங்கிய முகம். வாடாவைப் பிட்டு முதலில் இறாலைத் தின்றுவிட்டு, மாவைத் தனியாக வைத்தார்.

"வீடு பார்த்தோம்" என்றார். "திரையெல்லாம் நல்லா இருக்கு. கடல் பக்கம் ஒண்ணு காத்துக்கு அசையவே இல்லையே, என்ன வித்தை?"

"எல்லாம் தங்கச்சி கைவேலை" என்றார் காக்கா.

"மாஷா அல்லா. அப்புறம் ஒண்ணு. வழக்கத்துக்குக் கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வீடு பொண்ணு பேர்லதானே இருக்கு?"

மெஹராஜ் காக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒரு இடத்தில் அது கலங்கும், கண்ணாவது தாழும் என்று நினைத்தாள். கலங்கவில்லை. தேங்காய் வாங்க வந்தவரிடம் பேசுகிற அதே முகம்.

"அது என்ன கேள்வி மாமா. வாப்பா வாங்கினதே அவ பேர்லதான். வேணும்னா அவளையே கேளுங்க." திரையைப் பார்த்துத் திரும்பினார். அந்த வெள்ளைத் துணியில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அவருடைய பார்வை அவள் தலைக்கு மேலே எங்கேயோ போனது. "என்ன மெஹராஜ்? சொல்லும்மா."

கூடம் வளையல் சத்தத்துக்காகக் காத்திருந்தது. மீரா உசேன் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். காக்கா இன்னொரு முறை, "மெஹராஜ்" என்றார். கடைத்தெருவில் வண்டி வரும்போது கூப்பிடுகிற குரல்.

"வாப்பா வாங்குனது எம் பேர்லதான் மாமா" என்றாள் மெஹராஜ்.

மீரா உசேனின் கையில் இருந்த தேத்தண்ணீர் தம்ளர் அப்படியே நின்றது. அந்தத் தெருவில் ஒரு குமரியின் குரலைக் கூடத்தில் உட்கார்ந்து அவர் கேட்டதில்லை.

"நான் எழுதிக் குடுத்துட்டேன்."

"யாருக்கும்மா?"

"காக்காகிட்டக் கேளுங்க. அவங்கதான் எங் கையைப் பிடிச்சிருந்தாங்க."

சமையற்கட்டில் எண்ணெய் காய்கிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு மீரா உசேன் தம்ளரைக் கீழே வைத்தார். பாதி குடித்ததுதான். தோளில் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, "இன்ஷா அல்லா, அப்புறம் பேசுவோம்" என்று பொதுவாகச் சொல்லி எழுந்தார். கூட வந்தவர்கள் அவருக்கு முன்னால் செருப்பைத் தேடினார்கள். பினாங்கு அந்தச் செருப்புச் சத்தத்தோடு தெருவில் இறங்கிப் போவதை மெஹராஜ் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்களோடு போனது திரும்பி வராது என்று அவளுக்குத் தெரிந்தது.

காக்கா எழுந்து வேகமாகத் திரையை நோக்கி வந்தார். கையை நீட்டி மல் துணியின் விளிம்பைப் பிடித்தார். அந்தக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துணிக்கு அந்தப் பக்கம் அவ்வளவு பக்கத்தில் தெரிந்தன. ஆனால் தூக்க முடியவில்லை. வாசலில் அந்நிய ஆண்கள் இன்னும் நின்றார்கள், ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கினால் தங்கை முகம் தெருவுக்குத் தெரியும்.

அவர் அப்படியே நின்றார். நெற்றியில் வேர்வை அரும்பி, மூக்கு நுனிக்கு இறங்கி, அங்கே தொங்கியது. அவள் இருந்த இடத்திலிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவர் கண்கள் மட்டும் துணியின் வெள்ளையில் அங்கும் இங்கும் அவளைத் தேடிக்கொண்டிருந்தன.

கடலிலிருந்து ஒரு காற்று எழுந்து கூடத்து வழியாக உள்ளே வந்தது. பாயின் ஓரம் புரண்டது, வாடாத் தட்டில் இருந்த இலை பறந்தது. திரை அசையவில்லை.